நடவு முடியட்டும் என்று தள்ளிப்போகும் கட்டி

காவிரிப் படுகையின் மூத்த தலைமுறைப் பெண்கள் பலர் ஆற்றுப் படித்துறையிலும் குளக்கரையிலும் குளித்து வளர்ந்தவர்கள். உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். அதே ஈரத்தோடு கரையேறி, அதன்மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து, கதவைச் சாத்திய அரை இருட்டில் மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் கண்ணாடி இருந்தாலும் அது முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும். ஐம்பது வயதுவரை தன் மார்பகத்தை வெளிச்சத்தில் ஒருமுறைகூட நின்று பார்க்காத பெண்கள் இப்பகுதியில் ஏராளம். இன்று அரசுத் திட்டங்களாலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தாலும் வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது; ஆனால் பார்க்காத பழக்கம் அப்படியே உடன் வந்துவிட்டது. ஆகவே இங்கே மார்பகக் கட்டி கண்ணில் படுவதில்லை. சோப்புப் போடும்போதோ, ரவிக்கைக் கொக்கியை மாட்டும்போதோ, கைக்குழந்தை காலால் உதைக்கும்போதோ தற்செயலாகக் கையில் தட்டுப்படுகிறது.

தட்டுப்பட்ட அந்த நாளுக்கும் ஒரு மருத்துவர் அதில் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்க்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிகிறது என்பதுதான், என் பார்வையில், டெல்டா மாவட்டங்களில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நோய்க்கு மருந்து இருக்கிறது. பெரும்பகுதி இலவசமாகவும் கிடைக்கிறது. வீணாவது நாள்கள்தான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாக்கப்பட்ட என் சித்திக்குக் கட்டி தட்டுப்பட்டது ஒரு புரட்டாசி மாதத்தில். அப்போது அவருக்கு வயது 46. நெல்லிக்காய் அளவு, வலி இல்லை. என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னவர், சொல்லி முடித்த மூச்சிலேயே, “நடவு முடியட்டும்க்கா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். சம்பா நடவு முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் மூழ்கியது. வடிகால் வெட்ட ஆள் தேட வேண்டியிருந்தது. பிறகு தை அறுவடை. பிறகு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஈரப்பதம் குறையக் காத்திருந்த நாள்கள். மாசியில்தான் பக்கத்து ஊரில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனார். ‘கொழுப்புக் கட்டி’ என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கேயே அறுத்து எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அறுத்த சதை எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போகவில்லை. சித்திரையில் அதே தழும்பின் ஓரத்தில் ஒன்றும் அக்குளில் ஒன்றுமாக மீண்டும் கட்டி வந்தபோது ஏழு மாதம் கடந்திருந்தது.

இந்த ஏழு மாதத்தின் விலை என்ன என்பதற்கு இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளிலேயே விடை உண்டு. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து கணக்கிட்டதில், ஐந்தாண்டு உயிர் பிழைத்திருப்போர் விகிதம் ஒட்டுமொத்தமாக ஏறத்தாழ 66 சதவீதமாக இருந்தது. நோய் மார்பகத்துக்குள்ளேயே நின்றவர்களில் அது ஏறத்தாழ 81 சதவீதம்; அக்குள் நெறிகட்டு வரை பரவியவர்களில் 65 சதவீதத்துக்கு அருகில்; எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று தொலைவுக்குப் பரவியவர்களில் 18 சதவீதம். நோய் ஒன்றே, நாடும் ஒன்றே; எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போனார்கள் என்பதில் இத்தனை வேறுபாடு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். அமெரிக்காவில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் விகிதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அங்கே மருந்துகள் புதியவை என்பது உண்மை. ஆனால் கட்டி சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே பிடிபடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு பைகளும், அந்தப் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும் உள்ளன. வயலுக்குள் பிரிந்து ஓடும் கன்னி வாய்க்கால்களைப் போல அவை காம்பை நோக்கிக் கூடுகின்றன. பெரும்பாலான மார்பகப் புற்றுகள் இந்த நாளங்களின் உட்சுவரில் உள்ள செல்களில் தொடங்குகின்றன. ஒரு செல் தன் பெருக்கக் கட்டுப்பாட்டை இழந்து இரண்டாகி, நான்காகி, நாளத்துக்குள்ளேயே நிரம்பி, பிறகு கரையை உடைத்துக்கொண்டு சுற்றியுள்ள திசுவுக்குள் இறங்குகிறது. கையில் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர் கட்டி நேற்று வந்ததன்று. பெரும்பாலும் சில ஆண்டுகளாக உள்ளே வளர்ந்தது. கட்டியின் பருமன் மூன்று முறை இரட்டித்தால்தான் அதன் விட்டம் இரு மடங்காகும். அதனால், ‘போன மாதம் இருந்த அளவுதான் இருக்கிறது, வளரவில்லை’ என்று ஒரு பெண் விரலால் அளந்து சொல்வது உண்மையாகவே அவருக்கு அப்படித் தோன்றுவதுதான். உள்ளே நடப்பது வேறு. வலியில்லை என்பதும் ஆறுதல் தரக்கூடிய செய்தியல்ல. மாதவிடாய்க்கு முன் இரு மார்பகங்களிலும் வரும் வலி பெரும்பாலும் ஹார்மோன் சார்ந்தது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலித்தால் மட்டுமே மருத்துவரிடம் போவது என்ற நம் ஊர் வழக்கம் இந்த ஒரு நோயில் நேர் எதிராக வேலை செய்கிறது.

யாருக்கு வரும் என்ற கேள்விக்கு முதல் விடை சலிப்பூட்டக்கூடியது: பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் மிகப் பெரிய காரணிகள். மார்பகப் புற்று வருபவர்களில் நூற்றுக்கு ஒருவரோ அதைவிடக் குறைவாகவோ ஆண்களும் இருக்கிறார்கள். காம்புக்கு அடியில் கட்டி வந்த ஆண் வெட்கத்தில் இன்னும் தாமதமாகத்தான் போகிறார். அடுத்ததாக வருவது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனோடு மார்பகத் திசு எத்தனை காலம் உறவாடியது என்ற கணக்கு. சீக்கிரம் பூப்படைந்தவர், தாமதமாக மாதவிடாய் நின்றவர், முதல் குழந்தையை முப்பதுக்கு மேல் பெற்றவர், குழந்தை பெறாதவர் ஆகியோருக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். 1700-களின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்று அதிகம் என்று எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான பகுப்பாய்வு அதற்கு எண் கொடுத்தது: ஒவ்வொரு பிள்ளைப்பேறுக்கும் ஆபத்து ஏறத்தாழ 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் கூடுதலாக 4.3 சதவீதமும் குறைகிறது.

இதை நம் வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பிள்ளை பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்த அப்பாயி தன் வாழ்நாளில் பன்னிரண்டு ஆண்டுகள் பாலூட்டியிருக்கிறார். அந்தக் காலம் முழுவதும், கர்ப்ப காலங்களையும் சேர்த்து, மாதவிடாய்ச் சுழற்சிகளும் குறைவு. பேத்தி இருபத்தெட்டு வயதில் திருமணம் செய்து, ஒரு பிள்ளை பெற்று, ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார். தமிழகத்தில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 1.8 ஆகிவிட்டது. ‘அந்தக் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது’ என்று ஊரில் பேசும்போது உரத்தையும் பூச்சிமருந்தையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அதற்காக யாரும் ஆறு பிள்ளை பெற வேண்டியதில்லை. பெண்கள் படித்ததும் வேலைக்குப் போனதும் பிரசவச் சாவுகள் குறைந்ததும் இந்த மாற்றத்தின் மறுபக்கம். நோய் கூடுவதன் ஒரு பகுதி நாம் விரும்பி ஏற்ற வாழ்க்கையின் உடன்விளைவு என்பதைப் புரிந்துகொண்டால் போதும். பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, சிறு வயதில் டிடிடி கலந்த சூழலில் இருந்த பெண்களிடம் பிற்காலத்தில் ஆபத்து கூடியதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பிள்ளைப்பேறு, பாலூட்டல், உடல் எடை ஆகியவற்றுக்கு இருக்கும் அளவு உறுதியான சான்று மற்ற பூச்சிக்கொல்லிகளுக்கு இல்லை. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி, முகத்தை மூடாமல் மருந்தடிப்பதை நிறுத்த வேறு நல்ல காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

ஐந்து முதல் பத்து சதவீத நோயாளிகளுக்கு மட்டுமே இது நேரடியாக மரபுவழி வருவது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே பழுது உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வருகிறது. சினைப்பைப் புற்றும் வரக்கூடும். இந்தப் பழுது தந்தை வழியிலும் வரும் என்பது பலருக்கும் தெரியாது. ‘அத்தைக்குத்தானே வந்தது, அம்மாவுக்கு இல்லையே’ என்று தள்ளிவிடுகிறார்கள். மற்றபடி தொண்ணூறு சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு வம்சத்தில் இந்த மரபணுப் பழுது கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது எவருக்கும் பாதுகாப்புக் கவசமாகாது.

தடுப்பு என்ற சொல்லை இந்த நோயில் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். அம்மைக்குத் தடுப்பூசி போடுவதுபோல இதற்கு எதுவும் இல்லை. மாதவிடாய் நின்றபின் ஏறும் எடை ஆபத்தைக் கூட்டுகிறது, ஏனென்றால் சினைப்பை ஓய்ந்தபிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும் இடமாகிறது. நாற்று பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்த உடம்புகள் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சாப்பாட்டு அளவு மட்டும் வயல் காலத்து அளவில் நிற்கிறது. நாள்தோறும் வேர்க்க நடப்பதும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும், மது அருந்தாமல் இருப்பதும், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரைகளை மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடராமல் இருப்பதும், குழந்தைக்கு முழுமையாகப் பால் கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. ரவிக்கைக்குள் சில்லறைப் பணமோ கைபேசியோ வைத்துக்கொள்வதால் புற்று வரும் என்ற பேச்சுக்கும், இறுக்கமான உள்ளாடையால் வரும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது சங்கடம்தான். ஆனால் சித்திக்கு அவர் வீட்டிலேயே சில வாரம் தனித் தம்ளர் இருந்தது.

முன்கூட்டியே கண்டறிவது பற்றிப் பேசும்போது எல்லோரும் மேமோகிராமைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது மார்பகத்தைப் படமெடுக்கும் எக்ஸ்ரே. விரலுக்குத் தட்டுப்படாத கட்டியையும் சுண்ணாம்புத் துகள் போன்ற படிவுகளையும் காட்டக்கூடியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதன் பயன் தெளிவாக நிறுவப்பட்டது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டியும் திசுவும் ஒரே வெள்ளையாகத் தெரியும். நம் நாட்டு நோயாளிகளில் கணிசமானோர் ஐம்பதுக்குக் கீழே இருப்பதால் அந்தக் குறை இங்கே கூடுதலாக உறுத்துகிறது. மேலும், வேதாரண்யத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள நாற்பது வயதைக் கடந்த எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் மேமோகிராம் என்பது அந்த இயந்திரங்களும், படம் பார்த்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களும் இல்லாமல் வெறும் பேச்சு.

இந்த இடத்தில் மும்பையில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களின் கைகளால் மட்டும் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். இயந்திரம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு 2021-இல் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முன்கட்டத்தில் பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ளவர்களிடம் மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு மாறாக, சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,000 நெசவாலைப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதந்தோறும் சுயபரிசோதனை செய்யக் கற்றுக்கொடுத்து நடத்திய ஆய்வில் இறப்பு குறையவில்லை. தேவையற்ற சதைப் பரிசோதனைகள்தான் கூடின. அதனால் இப்போது மருத்துவர்கள் நாள் குறித்துச் செய்யும் சடங்கு போன்ற சுயபரிசோதனையை வற்புறுத்துவதைவிட, தன் மார்பகம் இயல்பில் எப்படி இருக்கும் என்பதை ஒரு பெண் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதையே சொல்கிறார்கள். அறிந்தால்தான் மாறும்போது தெரியும். படித்துறைப் பழக்கம் குறுக்கே நிற்பது இங்கேதான்.

அரசின் தேசிய வழிகாட்டுதல் 2016 முதல் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்று சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்கும் அதே அறையில், செவிலியரே இதையும் செய்ய முடியும், கட்டணம் இல்லை. ஆனால் 2019-21 காலத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தமிழகத்தில் நிலை மேலானது என்றாலும் பத்தில் ஒருவரை எட்டவில்லை. சர்க்கரைக்கு விரலை நீட்டும் பெண் ரவிக்கையைத் தளர்த்தத் தயங்குகிறார். தட்டி மறைப்புக்கு அப்பால் ஆண்கள் வரிசையில் நிற்கும் அறையில் அவர் தயங்குவதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு திரைச்சீலையும் உள்தாழ்ப்பாளும் மேமோகிராம் இயந்திரத்தைவிட மலிவு.

எவற்றைப் பார்த்தால் போக வேண்டும்? மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக ரத்தமோ ரத்தம் கலந்த நீரோ கசிவது, தோல் சாத்துக்குடித் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் குழிவது, ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் திடீரென அளவோ வடிவமோ மாறுவது. இவற்றில் எதுவாயினும் இரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பான்மை புற்றல்ல. இளம்பெண்களுக்கு வரும், விரலுக்கு வழுக்கி ஓடும் நார்க்கட்டியும் நீர்க்கட்டியுமே அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு வரும் கட்டியில்தான் ஏமாற்றம் நேர்கிறது. ‘பால் கட்டிக்கிச்சு’ என்று ஒத்தடம் கொடுப்பார்கள். பிள்ளை பால் மறந்திருந்தால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். பால் கட்டியது பீய்ச்சினால் இளகும், சில நாளில் வடியும். இரண்டு வாரத்துக்கு மேல் கல்லாக நிற்பதைப் பால் கட்டு என்று விட்டுவிடக் கூடாது. அதை அல்ட்ராசவுண்ட் செய்து பார்க்க வேண்டும். பாலூட்டும் காலத்தில் அந்தப் பரிசோதனையால் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் இல்லை.

மருத்துவமனைக்குப் போனபின் நடக்க வேண்டியவை மூன்று: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சதை எடுப்பது. இந்த மூன்றும் முடியும்முன் கத்தி வைக்கக் கூடாது. சித்தியின் விஷயத்தில் நேர்ந்த தவறு அதுதான். அது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. கட்டியை அவசரமாக அறுத்து எடுத்து, அறுத்ததை ஃபார்மலின் புட்டியில் போட்டு நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பாமல் விட்டால், என்ன நோய் என்பதற்கான சாட்சியமே குப்பைக்குப் போய்விடுகிறது. தழும்பும் வீக்கமும் அடுத்த அறுவையைக் குழப்புகின்றன. எந்த இடத்தில் எந்தக் கட்டியை எடுத்தாலும், ‘ரிப்போர்ட் எப்போது வரும்’ என்று கேட்க வேண்டும். ‘ஊசி பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும்’ என்ற அச்சம் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. முற்றிய நிலையில் போனவருக்கு அறுவைக்குப் பின் நோய் திரும்பியதைப் பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொல்கிறார்கள். தாமதம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தழும்பு தெரிகிறது. சதைப் பரிசோதனை ஊசியால் உயிர்வாழும் காலம் குறைவதில்லை.

அந்த ஊசியில் வந்த, தீக்குச்சி கனத்துக்கும் குறைவான சதைத் துணுக்குகள் புற்றா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள்) உள்ளனவா, ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்பதையும் அவைதான் சொல்கின்றன. ஏற்பி இருந்தால் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும். ஹெர்2 மிகுந்திருந்தால் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து உதவும். இந்திய நிறுவனங்கள் அதை ஒத்த மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியபின் விலை இறங்கியது. மூன்றும் இல்லாத வகை வேகமானது. மேல்நாடுகளைவிட இந்தியாவில் அதிக விகிதத்தில் காணப்படுகிறது. புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தான கீமோவே அதற்கு முதன்மை ஆயுதம். ஒரே பெயர் கொண்ட நோய்க்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்கு வெவ்வேறு மருந்து ஏறுவது இதனால்தான். ‘அவங்களுக்குப் போட்ட ஊசியை எனக்கு ஏன் போடல’ என்ற மனத்தாங்கல் வார்டில் அடிக்கடி கேட்கும்.

அறுவையைப் பற்றி நம் ஊர்களில் இன்னும் நிலவும் எண்ணம் நூறாண்டுக்கு முந்தையது: மார்பகத்தையும் அதன் அடித் தசையையும் முழுவதுமாக எடுத்தால்தான் நோய் போகும் என்பது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசி ஆகியோர் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002-இல் வெளியாகி, கட்டியையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் உயிர்வாழும் காலம் அதேதான் என்று உறுதி செய்தன. ஆனாலும் டெல்டாவின் கடலோரக் கிராமத்துப் பெண் மார்பகத்தை முழுதாக எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சை ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கோடியக்கரைப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ ஐந்து வாரம் யார் அழைத்துப் போவது? பிரிட்டன் ஆய்வுகளைத் தொடர்ந்து அது மூன்று வாரமாக, 15 தவணையாகக் குறைந்தது. 2020-இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தவணை போதும் என்று காட்டியது. லண்டன் பெண்ணுக்கு இது வசதி. வேதாரண்யத்துப் பெண்ணுக்கு மார்பகம் தங்குமா போகுமா என்பதே இதில் இருக்கிறது. எனவே அறுவைக்கு முன்பே, ‘எனக்கு எத்தனை நாள் கரண்ட்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்கிறார்கள். சித்திக்கும் அப்படித்தான். முடி கொட்டும், வாய் புண்ணாகும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். முடி மீண்டும் வளரும். கீமோ நடக்கும் வாரங்களில் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது; அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், இரவானாலும். ஹார்மோன் ஏற்பி உள்ளவர்களில் பலருக்கு, மற்றச் சிகிச்சைகள் முடிந்தபின், தமாக்ஸிஃபென் என்ற மாத்திரையை நாளுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு தர வேண்டும். விலை மிகக் குறைவான இந்த மாத்திரை மார்பகப் புற்றால் இறப்பதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடுபவர்கள் பலர். லட்ச ரூபாய் அறுவையைத் தாங்கிக்கொண்டவர்கள் பத்து ரூபாய் மாத்திரையில் கோட்டை விடுகிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் கொண்டு அட்டையை முன்பே எடுத்து வைத்துக்கொண்டால், நோய் வந்தபின் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையும் வாரம் மிச்சம். ஆனால் காப்பீடு படுக்கைக்கும் மருந்துக்கும்தான். பயணச் செலவையும் இழந்த கூலியையும் அது பார்ப்பதில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸிலும் மன்னை எக்ஸ்பிரஸிலும் படுக்கை வசதிப் பெட்டியில் புற்றுநோயாளிக்குக் கட்டணம் கிடையாது. உடன் போகிறவருக்குச் சலுகை உண்டு. மருத்துவரின் சான்றுப் படிவம் வேண்டும். அந்த அடையாறு நிறுவனமே நம் பக்கத்துப் பெண் தொடங்கியதுதான். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார்.

சிகிச்சை முடிந்தபின் வரும் ஒரு தொல்லையை மருத்துவமனையில் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அக்குள் நெறிகட்டுகளை எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம். அந்தக் கையில் கருக்கறுவாள் கீறலோ முள்ளோ பட்டால் சீழ்ப்பிடித்துக் காய்ச்சல் வரலாம். ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஊசி போடுவதும் மற்றக் கையில் இருக்கட்டும். ஆனால் ‘இனி அந்தக் கையால் எதையும் தூக்காதே’ என்ற பழைய தடை தளர்ந்துவிட்டது. படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சித்தி முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகு அரைக்குடம் என்று ஏற்றி, ஓராண்டில் தவிட்டு மூட்டையைத் தவிர எல்லாவற்றையும் தூக்கத் தொடங்கினார். நடவுக்கு மட்டும் இறங்குவதில்லை. வரப்பில் நின்று ஆள் எண்ணுகிறார்.

அவருக்கு 22 வயதில் ஒரு மகள். வரன் பார்க்கத் தொடங்கியபோது, ‘இந்த விஷயம் வெளியே தெரிய வேண்டாம்’ என்று உறவில் பலரும் சொன்னார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்ததாகத் தரகரிடம் சொல்லலாம் என்று ஒருவர் யோசனையும் வைத்திருந்தார். இப்படி மறைத்து மறைத்துத்தான் இரண்டு தலைமுறைக்கு மேல் யாருக்கு எந்தப் புற்று, எந்த வயதில் வந்தது என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் இருப்பதில்லை. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியோ அதுதான். தாய்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பிருந்தே மகள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். சித்தி வீட்டில் உர மூட்டைக் கணக்கும் ஆள்கூலிக் கணக்கும் எழுதும் நீள நோட்டு ஒன்று உண்டு. அதன் பின்னட்டை உள்பக்கத்தில் அந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறாள்: அம்மா, இடது மார்பு, 46 வயது, ஹார்மோன் ஏற்பி உண்டு. அம்மாச்சிக்கு இல்லை. அப்பாவின் அத்தைக்கு வயிற்றில் ஏதோ, வயது கேட்க வேண்டும். எனக்கு, 36 வயதிலிருந்து.